கிளைக்கு எவ்வளவு உரிமை, தலைமைக்கு எவ்வளவு அதிகாரம்? விக்கிமீடியா இயக்கத்தை முன்வைத்து ஓர் உரையாடல்

கரிசல்வாசி (கோவில்பட்டி) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2024ஆம் ஆண்டு நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றி நம்மிடையே போதிய பேச்சு எழவில்லை என்ற குறை எனக்கு உண்டு. விக்கிப்பீடியாவையும் அதன் உடன்திட்டங்களையும் வளர்க்கும் விக்கிமீடியா இயக்கத்துக்கு ஒரு சாசனம் வேண்டும், தன்னார்வலர்களின் பிரதிநிதிகள் அமரும் ஓர் உலகப் பேரவை வேண்டும் என்று 2021இல் வரைவுக் குழு அமைத்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு வரைவை எழுதி முடித்தார்கள். தனிப் பயனர்கள் ஒரு பக்கமும், கிளைகளும் பயனர் குழுக்களும் மறுபக்கமும் வாக்களித்தார்கள். இரண்டிலும் பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு மட்டும் ஏற்கவில்லை. அக்குழுவும் ஒப்பினால்தான் சாசனம் செல்லுபடியாகும் என்பது முன்னரே வகுத்த விதியாகையால், அத்தனை உழைப்பும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் இதைத் தொலைதூரச் செய்தியாகப் படிக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் பயிற்சிப் பட்டறை நடத்தினோம். மாணவர்களும் நாங்களுமாக முப்பத்திரண்டு பேர். கணினிகள் நான்குதான் வேலை செய்தன. மற்றவர்கள் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதத் தொடங்கிய ஒரு மாணவி, மடை, கலிங்கு, மதகு என்ற சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைத் தன் தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கல்லூரி வாசலில் இருந்த கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் "32 சாப்பாடு, ரூ. 2,560" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். செலவைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு நிதியுதவிக் குழு (பெயர் வேண்டாம்) வரி எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் அந்தத் தொகையைத் தர இயலாது என்று எழுதியது. மூன்று மின்னஞ்சல்களில் விளக்கினேன். வந்த மூன்று பதில்களும் ஒன்றுபோலவே இருந்தன. பணத்தை நாங்கள் நால்வர் பகிர்ந்து கட்டிவிட்டோம். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கடையையும் அந்த ஊரையும் பார்த்த ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால், அந்தக் கடிதங்களுக்கே தேவை இருந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

தன்னார்வத்தால் நடக்கும் ஓர் உலக இயக்கத்தில் எந்த முடிவு உள்ளூரில் இருக்க வேண்டும், எது தலைமையிடம் இருக்க வேண்டும்? இதைப் பொறுமையாகப் பேசலாம் என்பதே என் வேண்டுகோள்.

நந்திமலை (பெங்களூரு) எழுதியது:

கரிசல்வாசி அண்ணாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்தியாவைப் பற்றிப் பேசும்போது 2011 முதல் 2019 வரை நடந்ததைத் தாண்டிச் செல்ல முடியாது. விக்கிமீடியா இந்தியா என்ற கிளை 2011இன் தொடக்கத்தில் பெங்களூரில் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் அறக்கட்டளை இந்தியாவில் தன் சொந்தப் பணியாளர்களைக் கொண்டு வேறொரு திட்டத்தையும் தொடங்கியது. 2012இல் அந்தப் பணி பெங்களூரில் இயங்கும் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, ஒரே நாட்டில் தன்னார்வலர்களின் கிளை ஒன்றும், ஊதியப் பணியாளர்களைக் கொண்ட அமைப்பு ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. உறுப்பினர் கட்டணத்தையும் விடுமுறை நாள் உழைப்பையும் நம்பியிருந்த கிளை, முழுநேர ஊழியர்களும் ஆண்டுத் திட்ட நிதியும் உள்ள அமைப்போடு எப்படி ஈடுகொடுக்கும்?

2019 செப்டம்பரில் கிளையின் அங்கீகாரம் விலக்கப்பட்டது. ஒப்பந்தப்படி அறிக்கைகளும் அமைப்பு ஒழுங்கும் இல்லை என்பதும், அறக்கட்டளையின் நிதியைப் பெறுவதற்குரிய சட்ட அனுமதிகளைக் கிளையால் பெற முடியவில்லை என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். நான் அந்தக் கிளையின் உறுப்பினனாக இருந்ததில்லை, வெளியிலிருந்து பார்த்தவன். என் கணிப்பில் இரண்டு தரப்பிலும் குறை இருந்தது. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அனுமதி பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பணம் புது தில்லியில் உள்ள ஒரே ஒரு வங்கிக் கிளையின் வழியாகத்தான் வர வேண்டும் என்பவை அத்திருத்தத்தின் சாரம். புதிதாகப் பதிவு செய்ய விரும்பும் அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கி, தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். வெளிப்பணம் வராமல் அந்த 15 லட்சத்துக்குத் தன்னார்வலர்கள் எங்கே போவார்கள்?

இதன் பொருள், இந்தியாவில் உள்ளூர்த் தன்னாட்சி என்று நாம் பேசுவதில் பாதி சான் பிரான்சிஸ்கோவால் தடுக்கப்படவில்லை, தில்லியால் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான்.

யாழ்நிலவன் (றொரன்ரோ) எழுதியது:

இருவரும் "உள்ளூர்" என்றவுடன் இந்தியா என்று எடுத்துக்கொண்டு கதைக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் முதல் மறுப்பு.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் அதைத் தோளில் சுமந்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், பணி புரிந்ததோ ஐக்கிய அரபு அமீரகத்தில். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் தமிழ்நாடு, கொழும்பு, மட்டக்களப்பு, மலேசியா, நோர்வே, கனடா என்று பரந்திருக்கிறார்கள். இயக்கத்தின் பெரும்பாலான கிளைகளோ நாட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தவை. செருமானியக் கிளை 2004இல் முதலாவதாகத் தோன்றியபோது அந்த ஏற்பாடு அவர்களுக்கு ஓரளவு பொருந்தியது. எங்களுக்கு எந்த நாட்டுக் கிளை உள்ளூர்? கனடாக் கிளையில் நான் சேரலாம். அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் முதற்குடிகளின் மொழிகளும் பேசப்படுவது முறையானது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் நகரத்தின் பெயரைத் தமிழில் றொரன்ரோ என்று எழுதுவதா, டொராண்டோ என்று எழுதுவதா என்ற கேள்வியை நான் எந்தக் கிளையிடம் கொண்டுபோவது? அதைத் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில்தான் கேட்க முடியும். அங்கே இலங்கை வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் பல முறை மோதியிருக்கின்றன. ஒன்றையொன்று விழுங்காமல், ஒரு பெயரிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்லும் வழிமாற்றுகள் வைத்து, இரண்டு வடிவத்தையும் வாசகர் கண்டடையும்படி செய்திருக்கிறோம். இந்தத் தீர்வைத் தரத் தலைமைக்கும் தெரியாது, எந்த நாட்டுக் கிளைக்கும் தெரியாது.

உண்மையான தன்னாட்சி என்னவென்று 2009, 2010 ஆண்டுகளில் ஒருமுறை பார்த்தோம். கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் கொண்டுவந்து குவித்தது. கட்டுரைகள் நீளமானவை. எண்ணிக்கையில் விக்கிப்பீடியா கொழுத்துத் தெரிந்தது. ஆனால் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தின் எலும்புக்கூடாக இருந்தது, பக்கமெங்கும் இன்னும் எழுதப்படாத கட்டுரைகளைச் சுட்டும் சிவப்பு இணைப்புகள், தலைப்புகளோ தமிழ் வாசகருக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவை. பேச்சுப் பக்கத்தில் கேட்டால் எழுதியவரிடமிருந்து பதில் வராது. அவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டிருப்பார்கள். வங்காள விக்கிப்பீடியர் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தார்கள். தமிழ்ச் சமூகம் வேறு வழியைத் தேர்ந்தது. நிறுவனத்தோடு பேசியது. தலைப்பைச் சமூகத்தோடு கலந்து தெரிவு செய்ய வேண்டும், பிழைகளைத் திருத்திவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்தது. அந்த அனுபவம் 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துரைக்கப்பட்டது. உலகப் பெருநிறுவனம் ஒன்றிடம், "உங்கள் உதவி வேண்டும், ஆனால் எங்கள் முறைப்படி வேண்டும்" என்று சொல்வதற்கு அந்தச் சிறு கூட்டம் எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அவர்களிடம் பதிவுச் சான்றிதழும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை.

செங்காந்தள் (கோவை) எழுதியது:

யாழ்நிலவன் அண்ணா சொன்ன கூகுள் கதையை நானும் பெருமையோடுதான் பிறரிடம் சொல்வேன். ஆனால் அதைக் கொண்டே "மொழிச் சமூகத்தைத் தன்போக்கில் விட்டுவிட்டால் நன்மையே விளையும்" என்று முடிவுக்கு வருவது ஆபத்தானது. நம்முடைய சமூகம் நல்லவிதமாக அமைந்தது நமக்குக் கிடைத்த பேறு. எல்லா மொழிக்கும் அது வாய்க்கவில்லை.

குரோவாசிய விக்கிப்பீடியாவை எண்ணிப் பாருங்கள். தீவிர தேசியவாதக் கண்ணோட்டம் கொண்ட ஒரு சிறு குழு பக்கங்களைப் பூட்டவும் பயனர்களைத் தடை செய்யவும் வல்ல நிர்வாகி உரிமைகளைக் கைப்பற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோவாசியாவை ஆண்ட பாசிச உசுத்தாசே ஆட்சியின் கொடுமைகளையும் யாசெனோவாக் வதைமுகாமையும் பற்றிய பக்கங்கள் பூசி மெழுகப்பட்டன. எதிர்த்துக் கேட்டவர்கள் தடை செய்யப்பட்டார்கள். 2013இலேயே அந்த நாட்டின் கல்வி அமைச்சர் மாணவர்கள் அதை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பிறகும் ஏழு ஆண்டுகள் போயின. 2020இல்தான் அக்குழுவின் முக்கியமானவர் எல்லாத் திட்டங்களிலிருந்தும் விலக்கப்பட்டார். 2021இல் அறக்கட்டளை ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு நடந்தவற்றை ஒப்புக்கொண்டது. அந்த ஏழு ஆண்டுகளும் தன்னாட்சி என்ற சொல்தான் அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. உள்ளே இருந்து துரத்தப்பட்ட ஒரு குரோவாசியப் பயனருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? அவரும் உள்ளூர்க்காரர்தானே?

ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது வேறு வகை. அங்கே கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர், சிறுவயதிலிருந்தே ஆர்வத்தோடு பல ஆயிரம் பக்கங்களை, ஆங்கிலத்தை உருமாற்றியது போன்ற ஒரு கலவையில் எழுதிக்கொண்டே போனார். 2020இல் அது வெளியே தெரியும்வரை தடுக்க ஆள் இல்லை. சிறு மொழியின் தன்னாட்சி என்பது சில வேளைகளில் ஒரே ஒரு மனிதரின் தனியாட்சியாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2024இல் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்து, தன்னைப் பற்றிய பக்கத்தைத் தொகுத்த பயனர்களின் விவரங்களைக் கேட்டபோது, அந்தச் சுமையை எந்தப் பயனர் குழு தாங்கியிருக்கும்? அறக்கட்டளை வழக்கறிஞர்களை வைத்து வாதாடியது. வழக்கைப் பற்றிய பக்கத்தை நீக்கச் சொன்ன உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மையத்தில் வலுவான ஓர் அமைப்பு இல்லையென்றால், வீட்டில் அமர்ந்து இரவு பத்து மணிக்கு மேற்கோள் சேர்க்கும் ஒருவரின் வாசலுக்கு அந்த அழைப்பாணை நேராகவே வந்திருக்கும்.

கரிசல்வாசி எழுதியது:

செங்காந்தள் அம்மா சொன்னவற்றில் குரோவாசியக் கதை என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஏற்றுக்கொள்கிறேன். உள்ளூரில் முறையிட வழியற்றுப்போன ஒருவருக்கு மேலே ஒரு கதவு இருந்தாக வேண்டும்.

ஆனால் அதே ஏஎன்ஐ வழக்கில் இன்னொரு பாதியும் உண்டு. பயனர்களின் விவரங்களை மூடிய உறையில் நீதிமன்றத்திடம் தருவது, அழைப்பாணையை அறக்கட்டளையே பயனர்களிடம் சேர்ப்பது என்ற ஏற்பாட்டுக்கு 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டார்கள். விவரங்களைத் தர வேண்டாம் என்று கோரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள். சட்டப்படி வேறு வழி இருந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். எனினும் ஆபத்தைச் சுமப்பவர் ஒருவராகவும் முடிவெடுப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலை அங்கே பளிச்சென்று தெரிந்தது.

தலைமை தன் எல்லையைத் தாண்டிய நிகழ்வுகளும் பதிவில் உள்ளன. 2014 ஆகஸ்ட் மாதத்தில் படங்களைக் காட்டும் புதிய மென்பொருள் ஒன்றைச் செருமானிய விக்கிப்பீடியர் வாக்கெடுத்து வேண்டாம் என்றார்கள். அங்குள்ள நிர்வாகி ஒருவர் அதை முடக்கினார். உடனே அறக்கட்டளை, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகளாலும் திருத்த முடியாத ஒரு புதிய பூட்டு அடுக்கையே உருவாக்கிப் பக்கத்தைப் பூட்டியது. அதை எடுப்பதற்கு 2015 நவம்பர் வரை ஆயிற்று. 2019 சூனில் ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரை, அச்சமூகத்தின் நடுவர் குழுவைக் கேளாமல், காரணத்தை வெளியிடாமல் ஓராண்டுக்குத் தடை செய்தார்கள். பல நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். பின்னர் ஆவணங்கள் நடுவர் குழுவிடம் தரப்பட்டு, அது பார்த்துவிட்டுத் தடையை நீக்கியது. தடை சரியா தவறா என்பதில் எனக்குக் கருத்தில்லை. ஒரு மனிதருக்குத் தன் மீது உள்ள குற்றச்சாட்டும் தெரியாது, மேல்முறையீடும் கிடையாது என்ற நிலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2011இல் புணேயில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைக்கும் திட்டத்தை அறக்கட்டளை நடத்தியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓரளவு வெற்றி கண்ட முறையை இங்கே பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். வழிகாட்ட அமர்த்தப்பட்ட வளாகத் தூதர்களில் பலர் தாங்களே விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்கள். பாடநூலிலும் இணையத்திலும் உள்ளதை வரி மாறாமல் எடுத்து எழுதுவது தவறு என்று வகுப்பறையில் எவரும் சொல்லித் தந்திராத மாணவர்கள், அதையே பதிவேற்றினார்கள். பதிப்புரிமை மீறல்களை அகற்ற உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. நம் கல்லூரிகளில் "ஒப்படைப்பு" எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பத்து நிமிடம் கேட்டிருந்தால் எந்த ஆசிரியரும் சொல்லியிருப்பார். அந்த மாணவர்களை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. நல்லெண்ணத்தோடு வந்த இளைஞர்கள் "திருடர்கள்" என்ற சுடுசொல்லோடு வெளியேறினார்கள்.

நெய்தல் (பருத்தித்துறை) எழுதியது:

நான் விக்கிப்பீடியாவில் பெரிதாக எழுதுபவன் அல்லன். மருத்துவத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் உரையாடலை வாசித்தபோது "எல்லைகளற்ற மருத்துவர்கள்" அமைப்பின் வரலாறு நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் எங்கள் ஆதார மருத்துவமனையில் அவர்கள் பணியாற்றியதை இந்த ஊரார் மறக்கமாட்டார்கள்.

1971இல் பாரிசில் தோன்றிய அமைப்பு அது. 1980இல் பெல்சியத்திலும் பின்னர் ஒல்லாந்திலும் தனித்தனிக் கிளைகள் எழுந்தன. 1985இல் பிரெஞ்சுக் கிளை பெல்சியக் கிளையை, அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று கோரி நீதிமன்றத்துக்கு இழுத்துத் தோற்றது. ஒரே பெயரில் இயங்கும் மருத்துவர்கள் ஒருவரையொருவர் வழக்காடினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1999இல் கொசோவோப் போரின்போது கிரேக்கக் கிளை மற்றவர்களின் இணக்கமின்றித் தானே குழு அனுப்பியது. அரசியல் சார்பு தென்படுகிறது, நடுநிலைமை கெடுகிறது என்று அக்கிளையை இயக்கத்திலிருந்தே விலக்கினார்கள். நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். சில ஆண்டுகள் கழித்துக் கிரேக்கர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள்.

கிரேக்கர் விடயத்தில் தலைமையின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். ஒரு கிளை நடுநிலை தவறினால், குண்டு விழுவது வேறு நாட்டில் அதே சின்னத்தோடு ஓடும் இன்னொரு வாகனத்தின் மேல். பிறர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எந்தத் தன்னாட்சியிலும் சேராது. அதேவேளை, அந்த அமைப்பின் செயற்பாட்டு மையங்கள் நெடுங்காலம் பாரிஸ், பிரசெல்சு, ஆம்சுடர்டாம், பார்சிலோனா, செனீவா என்ற ஐந்து ஐரோப்பிய நகரங்களிலேயே இருந்தன. நோயாளிகளில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும். ஆப்பிரிக்காவிலேயே தலைமை கொண்ட மையமாக அபிஜான் நகரத்து மையம் உருவானது 2019இல்தான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்.

உங்கள் இயக்கத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே 2011இல் நாட்டுச் சங்கங்கள் சேர்ந்த ஒரு பன்னாட்டுப் பொதுச்சபையை உருவாக்கி, அதன் கையில் உச்ச அதிகாரத்தைக் கொடுத்தார்கள். உங்களிடம் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்?

நந்திமலை எழுதியது:

நெய்தல் ஐயாவின் கேள்விக்கு விடை: அறங்காவலர் குழு. 2020இல் திருத்திய விதிப்படி அதில் பதினாறு இடங்கள் வரை உண்டு. எட்டு இடங்களுக்குச் சமூகமும் கிளைகளும் ஆளைத் தெரிவு செய்கின்றன. ஏழு பேரைக் குழுவே நியமித்துக்கொள்கிறது. ஓர் இடம் நிறுவனருக்கு உரியது. சமூகம் தெரிவு செய்தவரையும் அமர்த்துவது குழுதான், விலக்க முடிவதும் குழுவால்தான். 2015 திசம்பரில் சமூகம் தேர்ந்தெடுத்த ஓர் அறங்காவலரை அப்படி நீக்கியதும் நடந்தது. நின்றுபோன சாசனம் மாற்ற முனைந்தது இந்த அமைப்பைத்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பல நாட்டுக் கிளைகள் தங்கள் நாட்டுக் கொடையைத் தாங்களே வாங்கித் தங்கள் பங்கை வைத்துக்கொண்டன. 2011இல் கணக்குப் பொறுப்பு போதவில்லை என்று சொல்லி அறங்காவலர் குழு கடிதம் எழுதியது. மறு ஆண்டிலேயே அந்த உரிமை செருமனி, பிரான்சு, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து என்ற நான்கு கிளைகளுக்குச் சுருங்கியது. இன்று செருமனியும் சுவிட்சர்லாந்தும் மட்டுமே எஞ்சியுள்ளன. அப்படி எஞ்சிய செருமானியக் கிளைதான் 2012இல் விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத் திட்டத்தை உருவாக்கி இயக்கம் முழுவதற்கும் தந்தது. நெதர்லாந்துத் தன்னார்வலர்கள் 2010இல் தொடங்கிய நினைவுச்சின்னங்களின் ஒளிப்படப் போட்டி இரண்டே ஆண்டுகளில் இந்தியா உட்பட உலகெங்கும் பரவியது. பணமும் ஆளும் தன் கையில் உள்ள கிளை பிறருக்கும் கொடுக்கிறது. விண்ணப்பம் எழுதியே ஆண்டைக் கழிக்கும் கிளையிடம் கொடுக்க என்ன இருக்கும்?

செங்காந்தள் எழுதியது:

நந்திமலை தம்பி, செருமனி பணக்கார நாடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொடையை அந்தந்த நாட்டிலேயே வைத்துக்கொள்வது என்ற விதி உலகெங்கும் வந்தால், பெர்லினுக்கு நிறையவும் டாக்காவுக்குக் கொஞ்சமும்தான் சேரும். அறக்கட்டளை ஆண்டுக்கு 17 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறது. அதை நாடுகளுக்கிடையே பங்கிட நடுவில் ஒரு கை தேவை. அந்தக் கை எவருக்குக் கணக்குச் சொல்கிறது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் ஒரே கவலை.

யாழ்நிலவன் எழுதியது:

செங்காந்தள் அக்காவின் குரோவாசிய எடுத்துக்காட்டுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. நீண்ட நேரம் யோசித்தேன். அங்கே தோற்றது தன்னாட்சி மட்டும் அன்று. உள்ளே இருந்த குரோவாசியர்கள் பல ஆண்டுகள் மேலே முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது, ஆதலால் எது திரிபு, எது கருத்து வேறுபாடு என்று பிரித்தறிய முடியவில்லை. அருகிலேயே அந்த மொழியை வாசிக்கக்கூடிய செர்பிய, பொசுனிய விக்கிப்பீடியர் இருந்தார்கள். அவர்களைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தால் ஏழு ஆண்டுகள் போயிருக்காது. அந்த மூன்று மொழிச் சமூகங்களுக்கிடையே உள்ள பழைய காயங்கள் அதைக் கடினமாக்கியிருக்கும் என்பதையும் அறிவேன். இருந்தும், உள்ளூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, மொழி தெரிந்த ஓர் இடைப்படி தேவை என்பதையே அது காட்டுகிறது.

நமக்கு நாளை அப்படி ஒன்று நேர்ந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? தமிழ் நிர்வாகிகள் நால்வர் சேர்ந்து ஈழப் போர் குறித்த பக்கங்களை ஒரு பக்கமாக வளைத்தால், அதைப் படித்து அறிய வெளியே எத்தனை பேர் உள்ளார்கள்? இதை நம் நண்பர்கள் மீது ஐயம் கொண்டு கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து இங்கே யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது என்பதால் கேட்கிறேன்.

கரிசல்வாசி எழுதியது:

யாழ்நிலவன் தம்பியின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த இழையைத் தொடங்கியபோது தலைமையிடமிருந்து எதையெல்லாம் பிடுங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தேன். இப்போது வேறு விதமாக நினைக்கிறேன்.

வழங்கிகள் (சர்வர்கள்), வணிகச் சின்னம், நீதிமன்றம், நாடுகளுக்கிடையே பணப் பங்கீடு, பயனர் பாதுகாப்பு ஆகியவை மையத்தில் இருக்கட்டும். எந்தத் தலைப்பு, எந்த எழுத்துமுறை, எந்தக் கல்லூரி, எந்தக் கடையின் சாப்பாடு என்பவை எங்களிடம் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே, நாட்டெல்லையைப் பார்க்காமல் தமிழ் எழுதுவோர் எல்லாரையும் சேர்த்த ஒரு மொழி மையம் வேண்டும். 2020இல் வெளிவந்த வியூகப் பரிந்துரைகளிலேயே வட்டார மையங்கள் என்ற கருத்து இருக்கிறது. அதை நிலப்பரப்பாக மட்டும் பொருள்கொள்ளாமல் மொழிப்பரப்பாகவும் கொள்ளும்படி நாம் கேட்கலாம். அந்த மையத்தின் முறையீட்டுக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தப் பொறுப்பிலும் இல்லாத இருவராவது இருக்க வேண்டும் என்று, செங்காந்தள் அம்மா சொன்னதற்குப் பிறகு சேர்த்துக்கொள்கிறேன். தலைமை ஒரு முடிவைத் திருப்பினால், அதன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்காக வெளியிட முடியாத காரணமாக இருந்தால், அந்தக் குழுவிடமாவது தர வேண்டும்.

நந்திமலை சொன்ன சட்டச் சிக்கல் தீரும்வரை பெரிய நிதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட செலவுக்கு, பங்கேற்றவர் மூவரின் கையொப்பம் உள்ள சீட்டே போதும் என்ற விதியை எந்த நிதியுதவிக் குழுவும் நாளைக்கே எழுதலாம்.

இவற்றையெல்லாம் ஒரு மடலாக எழுதி ஆலமரத்தடியில் இடுகிறேன். தயவுசெய்து திருத்துங்கள்.

நெய்தல் எழுதியது:

படித்தேன். "மொழி மையம்" என்னும் பத்தியில் மலையகத்தையும் மலேசியாவையும் விட்டுவிட்டீர்கள், சேருங்கள். ஐயாயிரம் ரூபாய் என்று இந்தியக் கணக்கில் மட்டும் எழுதினால் இங்கே அது பொருந்தாது. இலங்கை நாணயத்திலும் ஓர் அளவு குறிக்க வேண்டும்.

யாழ்நிலவன் எழுதியது:

முறையீட்டுக் குழுவின் காலவரையறையைச் சேர்த்துள்ளேன்: இரண்டு ஆண்டுகள், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. கரிசல்வாசி அண்ணா, கண்மாய்க் கட்டுரை எழுதிய அந்த மாணவி இப்போதும் எழுதுகிறாரா? முடிந்தால் மடலின் வரைவை அவரிடமும் காட்டுங்கள்.

கரிசல்வாசி எழுதியது:

எழுதுகிறார். சென்ற மாதம் கலிங்கு என்ற பக்கத்தில் ஒரு படம் சேர்த்திருந்தார். இன்று மாலை அவரை அழைத்துப் பேசுகிறேன்.